பன்னெகூக்கும் ஃபன்கூகனும்: டச்சு, ஜெர்மன் பான்கேக் சுடுவது எப்படி

பான்கேக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, உள்ளங்கை அகலத்தில் தடிமனாகச் சுட்டு, நான்கைந்தை அடுக்கி, மேலே மேப்பிள் சிரப் வழியவிட்ட அமெரிக்கப் பண்டம். நெதர்லாந்தில் பன்னெகூக் என்றும் ஜெர்மனியில் ஃபன்கூகன் என்றும் சுடுவது அதுவல்ல. பேக்கிங் பவுடர் கிடையாது. தட்டை மறைக்கும் அகலம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன், ஆளுக்கு முழுதாக ஒன்று. பிரான்ஸின் கிரேப் என்னும் மெல்லடை அளவுக்கு மெல்லியதும் இல்லை. காலையில் சாப்பிடுவதும் அபூர்வம். டச்சுக் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஜெர்மன் வீடுகளில் மதியத்துக்குச் சுடுவது வழக்கம். இதைத் தின்பண்டமாக நினைக்காமல் ஒரு வேளைச் சாப்பாடாக நினைத்தால்தான், பன்றிக்கொழுப்பும் சர்க்கரைப் பாகும் ஒரே தட்டில் வருவது ஏன் என்று புரியும்.

இரண்டுக்கும் பொருள்கள் ஒன்றே: மாவு, பால், முட்டை, உப்பு. வேறுபாடு பெரும்பாலும் முட்டையில் இருக்கிறது. 250 கிராம் மாவுக்கு டச்சு முறையில் 2 முட்டை; ஜெர்மன் முறையில் 3, பல வீடுகளில் 4. முட்டை குறைந்தால் மாவின் சுவை முன்னால் நிற்கும். பான்கேக் கொஞ்சம் கனமாக, ஆப்பிள் துண்டையும் இறைச்சித் துண்டையும் தாங்கும் உறுதியோடு இருக்கும். முட்டை கூடினால் மஞ்சள் நிறமும் மென்மையும் வளைந்து கொடுக்கும் தன்மையும் வரும், சுருட்டுவதற்கும் மெல்லிசாக நறுக்குவதற்கும் ஏற்றது. ஜெர்மானியர்கள் பான்கேக்கை நறுக்கி சூப்பில் போடுவதும், டச்சுக்காரர்கள் அதில் சாமான்களை ஏற்றுவதும் இந்த விகிதத்தோடு பொருந்திப் போகின்றன.

மாவும் மற்றவையும்

மைதா போதும். ஜெர்மனியில் இருப்பவர்கள் கடையில் 405 என்று எண் போட்ட கோதுமை மாவை எடுக்கலாம். 550ம் சரிதான், அதற்குப் பால் இரண்டு கரண்டி கூட வேண்டும். முழுக்கோதுமை மாவு சேர்ப்பதானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், பான்கேக் எளிதில் கிழியும்.

பழைய டச்சு முறையில் பக்வீட் மாவு முக்கியம். நெதர்லாந்தின் மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலங்களில் கோதுமை சரியாக வராது, பக்வீட் வரும். ஏழைகளின் பான்கேக் அதில்தான் சுடப்பட்டது. எல்லைக்கு அப்பால் வடமேற்கு ஜெர்மனியின் எம்ஸ்லாந்து பகுதியிலும் இதே கதைதான். இந்தியக் கடைகளில் குட்டூ மாவு என்று விற்பது இதையே. பாதி மைதா, பாதி பக்வீட் என்பது நல்ல அளவு. பக்வீட்டில் குளூட்டன் (மாவை இழுத்துப் பிடிக்கும் புரதம்) இல்லாததால் அதை மட்டும் வைத்துச் சுட்டால் புரட்டும்போது உடையும். ஊற ஊறக் கெட்டியாகும் மாவு இது. சுடுவதற்கு முன் 50 மில்லி பால் கூடச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பால் முழுக்கொழுப்புப் பாலாக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அரைமணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மாவில் சர்க்கரை போடாதீர்கள். வெந்து முடிவதற்குள் அடிப்பக்கம் கருகிவிடும். தவிர, அதே மாவில் உப்பு வகையும் இனிப்பு வகையும் சுட முடியாது. இனிப்பெல்லாம் மேசையில் சேர்வது.

வாணலி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பன்னெகூக்குக்கு 28 முதல் 30 செ.மீ. அகலம், ஃபன்கூகனுக்கு 24 முதல் 26. அடி கனமாக, விளிம்பு 2 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். விளிம்பில்லாத தோசைக்கல்லில் மாவு வழிந்துவிடும். இரும்போ கார்பன் ஸ்டீலோ பழகியிருந்தால் அதுவே சிறந்தது, நிறம் அழகாக வரும். புதிதாகச் சுடுபவர்களுக்கு ஒட்டாத பூச்சு போட்ட வாணலி பாதுகாப்பு. உங்கள் அடுப்பின் தீவட்டம் சிறியது என்றால் 30 செ.மீ. வாணலி வாங்கிப் பயனில்லை. நடு கருகும், ஓரம் வேகாது.

அடிப்படை முறை

டச்சு முறை: மாவு 250 கிராம், பால் 500 மில்லி, முட்டை 2, உப்பு அரைத் தேக்கரண்டி. 30 செ.மீ. வாணலியில் 5, 24 செ.மீ. வாணலியில் 7 அல்லது 8 வரும்.

ஜெர்மன் முறை: மாவு 250 கிராம், பால் 375 மில்லி, வாயு நிறைந்த மினரல் வாட்டர் 125 மில்லி, முட்டை 4, உப்பு ஒரு சிட்டிகை. மினரல் வாட்டர் கட்டாயமில்லை. அதில்லாவிட்டால் பால் 500 மில்லி. சேர்ப்பதானால் கடைசி நிமிடத்தில் சேர்க்க வேண்டும். முன்பே ஊற்றி ஊறவைத்தால் குமிழியெல்லாம் போய்விடும், பிறகு அது வெறும் தண்ணீர்தான்.

1. மாவையும் உப்பையும் அகலமான பாத்திரத்தில் போட்டு நடுவில் குழி செய்யுங்கள். முட்டைகளை உடைத்து ஊற்றி, பாலில் பாதியை மட்டும் சேருங்கள்.

2. கம்பி மத்தால் நடுவிலிருந்து ஓரமாக அடித்து, கட்டியில்லாத கெட்டிக் குழம்பாக்குங்கள். பாலை மொத்தமாக ஊற்றினால் மாவு உருண்டைகள் மிதந்துகொண்டே இருக்கும், மத்துக்குப் பிடிபடாது. குழம்பு கெட்டியாக இருக்கும்போதுதான் கட்டி உடையும். அப்புறம் மீதிப் பாலை ஊற்றிக் கலந்தால் போதும். மிக்ஸியில் ஓடவிடாதீர்கள்; குளூட்டன் இறுகி பான்கேக் ரப்பராகும்.

3. மூடி 30 நிமிடம் வையுங்கள். மாவு பாலை உறிஞ்சும், அடித்ததில் இறுகிய குளூட்டன் தளரும். இந்த அரைமணியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் புரட்டும்போது கிழிகிறது. ஊறியபின் கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். அதைவிடக் கெட்டி என்றால் பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேருங்கள்.

4. வாணலியை மிதமான தீயில் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும். வெண்ணெயும் எண்ணெயும் சமமாகக் கலந்து ஒரு தேக்கரண்டி விடுங்கள். வெறும் வெண்ணெய் என்றால் அதிலுள்ள பால்சத்து இரண்டாவது பான்கேக்கிலேயே கருகிப் புள்ளிபுள்ளியாக ஒட்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற மணமுள்ளவை இங்கே பொருந்தாது.

5. வாணலியைத் தீயிலிருந்து தூக்கிக்கொண்டு மாவை நடுவில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள்: 30 செ.மீ. வாணலிக்கு 150 மில்லி, 24க்கு 100. ஊற்றும்போதே மணிக்கட்டைச் சுழற்றி மாவை ஓரம் வரை ஓடவிட வேண்டும். தோசைப் பழக்கத்தில் கரண்டியால் தேய்க்கக் கை போகும். தேய்த்தால் அடியில் பிடித்துக்கொண்டிருக்கும் படலம் கிழிந்து சுருண்டுவிடும்.

6. மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கி, ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு, வாணலியை ஆட்டினால் பான்கேக் மொத்தமாக நகரும் வரை கை வைக்காதீர்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடம். அகலமான திருப்பியால் புரட்டி, மறுபக்கம் ஒரு நிமிடம். காற்றில் தூக்கிப் போடுவது வேடிக்கைக்குச் சரி, 30 செ.மீ. பன்னெகூக்கில் ஆப்பிள் இருக்கும்போது அந்த ஆசை வேண்டாம். வராதவர்கள் ஒரு தட்டில் சறுக்கவிட்டு, வாணலியைக் கவிழ்த்து மூடித் திருப்பலாம்.

7. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சமையல் காகிதத்தால் வாணலியைத் துடைத்து, கொழுப்பைப் புதிதாகத் தடவுங்கள். மாவையும் ஒருமுறை கலக்கி விடுங்கள், அடியில் படியும்.

முதல் பான்கேக் சரியாக வராது. வாணலி இன்னும் சீராகச் சூடேறியிருக்காது, எண்ணெய் கூடுதலாக இருக்கும். அதனால் முதலாவதைச் சிறியதாக ஊற்றி உப்பும் கெட்டித்தன்மையும் பார்க்கப் பயன்படுத்துங்கள், சுடுபவருக்கே அது.

சுட்டவற்றைச் சூடாக வைக்க, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை வைத்து அடுக்கி இன்னொரு தட்டால் மூடலாம். ஓவனில் என்றால் 80 டிகிரி செல்சியஸ் போதும். மூடாமல் விட்டால் ஓரம் அப்பளமாகிவிடும்.

பன்னெகூக்கில் வைப்பவை

டச்சு முறையின் சாரமே இங்கேதான். சாமான்கள் சுட்டு முடித்த பான்கேக்கின் மேலே தூவப்படுவதில்லை, அதனோடு சேர்ந்து வேகின்றன. எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்பதில் தப்பினால் ருசி போய்விடும்.

இறைச்சி: ஸ்பெக் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பிட்டு, சில சமயம் புகையிட்டு, மெல்லிசாக அரிந்தது. நான்கைந்து துண்டுகளை வாணலியில் வைத்து அதன் கொழுப்பு உருகி ஓரம் பொன்னிறமானதும், துண்டுகள் அங்கேயே கிடக்க மாவை மேலே ஊற்ற வேண்டும். அந்தக் கொழுப்பே சுடுவதற்குப் போதும், எண்ணெய் வேண்டாம். இதற்கு நேரம் கூடுதல்: அடிப்பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு. பன்றி சாப்பிடாதவர்கள் காளானையும் வெங்காயத்தையும் இதே வரிசையில் செய்யலாம். ஆனால் காளானின் தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் மாவு. இல்லாவிட்டால் பான்கேக் அவிந்துபோகும்.

ஆப்பிள்: புளிப்பு வகைதான் வேண்டும். நெதர்லாந்தில் ஹவுட்ரெய்னெட் என்றும் ஜெர்மனியில் போஸ்கோப் என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றே, 1856இல் நெதர்லாந்தின் போஸ்கோப் ஊரில் கண்டெடுக்கப்பட்ட ரகம். நம்மூரில் பச்சை ஆப்பிள் சரியாக வரும். சிவப்பு என்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிசறிக்கொள்ளுங்கள். விதைநடுவை நீக்கி 3 மி.மீ. வளையங்களாக அரிந்து, வெண்ணெயில் ஒரு நிமிடம் வாட்டி, மேலே மாவை ஊற்றுங்கள். தடிமனாக அரிந்தால் மாவு கருகும் வரையிலும் பழம் வேகாது. உலர் திராட்சையும் சேர்ப்பதுண்டு. அதை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஊற்றிய மாவின் ஈரமான மேற்பரப்பில் தூவ வேண்டும். வாணலியில் நேரடியாகப் பட்டால் கரிக்கட்டையாகிவிடும்.

சீஸ்: நன்கு முதிர்ந்த கௌடாவைத் துருவிக்கொள்ளுங்கள். பான்கேக்கைப் புரட்டிய பிறகு வெந்த பக்கத்தின் மேல் 50 கிராம் தூவி, ஒரு நிமிடம் மூடி வைத்தால் உருகும். புரட்டுவதற்கு முன்பே தூவினால் அது வாணலியில் ஒட்டி மொறுமொறுப்பாகும். அதை விரும்பிச் செய்பவர்களும் உண்டு, பூச்சுள்ள வாணலி இருந்தால் முயலலாம். சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சியைப் பொடியாக நறுக்கிச் சீஸோடு சேர்ப்பது டச்சுக்காரர்களின் பழைய ஜோடி. கேட்கும்போது முகம் சுளிக்கலாம். சாப்பிட்டவர்கள் மறுபடி கேட்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றுவது ஸ்ட்ரோப். கரும்பழுப்பு நிறத்தில், லேசான கசப்போடு, கெட்டியாக ஒழுகும் சர்க்கரைப் பாகு. ஸ்பெக் பன்னெகூக்கின் மேலும் அதையேதான் ஊற்றுவார்கள். உப்பும் கொழுப்பும் அந்தக் கசப்பினிப்பும் சேர்வதுதான் அந்தத் தட்டின் ருசி, பாகைத் தவிர்த்துச் சாப்பிட்டுவிட்டு நன்றாயில்லை என்று சொல்லிப் பயனில்லை. ஜெர்மனியின் ரைன்லாந்தில் சர்க்கரை பீட்ரூட் கிழங்கின் சாற்றைக் காய்ச்சி எடுத்த ரூபன்க்ரௌட் கிடைக்கும். கிராஃப்ஷாஃப்டர் நிறுவனத்தின் மஞ்சள் டப்பா எல்லாக் கடையிலும் உண்டு. இரண்டும் கிடைக்காத இடத்தில் கருப்பட்டிப் பாகு நன்றாகவே ஈடுகொடுக்கும்: 100 கிராம் கருப்பட்டிக்கு 50 மில்லி தண்ணீர், மூன்று நான்கு நிமிடம் கொதி, வடிகட்டல். ஆறிய பிறகும் ஒழுக வேண்டும், கம்பிப்பதம் வரை போக விடாதீர்கள். தேன் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். பொடித்த சர்க்கரையும் ஈரப்பதமுள்ள பழுப்புச் சர்க்கரையும் மேசையில் தனியாக இருக்கும்.

கோளாறுகள்

புரட்டும்போது கிழிகிறது என்றால் முதலில் பொறுமையைச் சந்தேகியுங்கள், பிறகு மாவை. அடிப்பக்கம் சரியாக நிறம் வந்த பான்கேக் தானாக விடும். நிறம் வந்தும் கிழிந்தால் மாவு அதிகம் நீர்த்திருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கொஞ்சம் பாலில் தனியே குழைத்துச் சேருங்கள். உலர்ந்த மாவை நேரே கொட்டினால் மீண்டும் கட்டி.

வெளுத்து, தோல்போல வந்தால் தீ போதவில்லை. குறைந்த தீயில் நெடுநேரம் கிடக்கும் பான்கேக் வேகுவதற்குப் பதில் காய்கிறது. நடுவில் கருத்து ஓரம் வெளுத்தால் தீ அதிகம், அல்லது வாணலி அடுப்புக்குப் பெரிது. அப்படியிருந்தால் இருபது நொடிக்கொருமுறை வாணலியை நகர்த்தி வைக்க வேண்டும். இன்டக்ஷன் அடுப்பில் 9 படிகள் இருந்தால் 6 போதும். 9இல் வைத்துச் சூடாக்கித் தணிப்பது பூச்சையும் கெடுக்கும், சீராகவும் சுடாது.

மேற்பரப்பில் எண்ணெய்க் குளமும் அடியில் பொரித்த வளையங்களும் வந்தால் கொழுப்பு கூடிவிட்டது. எண்ணெயில் மிதக்கும் மாவு வாணலியைத் தொடாது. தடவினாற்போல் இருந்தால் போதும்.

முட்டை வேண்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபன்கூகனை முட்டையில்லாமல் சுட முயல வேண்டாம். அதன் உடலே முட்டைதான், அது இல்லாமல் வருவது இனிப்பில்லாத மைதா தோசை. அவர்களுக்கேற்ற பண்டம் பின்னால் வருகிறது.

ஜெர்மன் மேசை

வீட்டில் சாதாரணமாகச் சாப்பிடுவது எளிமையானது. சுட்ட ஃபன்கூகனில் ஆப்பிள் கூழைத் தடவிச் சுருட்டி, சர்க்கரையும் பட்டைப்பொடியும் கலந்து தூவுவார்கள். நான்கு மேசைக்கரண்டி சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி பட்டை. ஆப்பிள் கூழுக்கு, தோல் சீவிய அரைக்கிலோ ஆப்பிளை 50 மில்லி தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு மூடி 15 நிமிடம் வேகவைத்து மசித்தால் முடிந்தது. குழந்தைகளுக்கு ஜாம் அல்லது சாக்லேட் பூச்சு. இனிப்பான பண்டத்தையே முழு மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். முன்னால் ஒரு காய்கறி சூப் இருக்கும், அவ்வளவுதான்.

தென்மேற்கே ஸ்வாபியாவுக்குப் போனால் ஃப்ளேட்லெ சூப். மெல்லிசாகச் சுட்ட உப்பு ஃபன்கூகனை (24 செ.மீ. வாணலிக்கு 60 மில்லி மாவு, அதில் பொடியாக நறுக்கிய சைவ்ஸ் என்னும் வெங்காயத் தழை அல்லது பார்ஸ்லி) ஆறவிட்டு இறுக்கமாகச் சுருட்டி, 4 மி.மீ. அகலத்தில் அரிவார்கள். கிண்ணத்தில் அந்த நாடாக்களைப் போட்டு, தெளிந்த மாட்டிறைச்சி ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றுவார்கள். காய்கறி ரசத்திலும் நன்றாயிருக்கும். நாடாக்களை ரசத்தோடு அடுப்பில் கொதிக்கவிட்டால் கூழாகிவிடும், பரிமாறும்போதுதான் சேர வேண்டும். முந்தைய நாள் மிஞ்சியதைக் கரைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பக்கத்தில் பாடன் பகுதியில் வெள்ளை அஸ்பாரகஸ் என்னும் தண்டுக்காயின் பருவம் வந்தால் க்ராட்செட்டெ: கெட்டியான ஃபன்கூகனை வாணலியிலேயே பிய்த்து, வெந்த அஸ்பாரகஸுக்கும் ஹாம் என்னும் பன்றித்தொடை இறைச்சிக்கும் பக்கத்தில் வைப்பது. அந்தப் பருவம் ஜூன் 24ஆம் தேதியோடு முடிகிறது என்பது ஜெர்மனியில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

பிய்த்த பான்கேக்கின் உச்சம் கைசர்ஷ்மார்ன். பிறப்பால் ஆஸ்திரியப் பண்டம், பவேரியாவில் தன் வீட்டுப் பண்டமாகவே புழங்குகிறது. ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஃப்ரான்ட்ஸ் யோசெப்போடு சேர்த்து அதற்குப் பல கதைகள் உண்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இரண்டு பேருக்கு: முட்டை 4, மாவு 130 கிராம், பால் 250 மில்லி, சர்க்கரை 30 கிராம், உப்பு, வெண்ணெய் 40 கிராம், ரம்மிலோ ஆப்பிள் சாற்றிலோ ஊறிய உலர் திராட்சை 40 கிராம். மஞ்சள்கருவை மாவு, பாலோடு கரைத்து வையுங்கள். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, மத்தைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, மூன்று தவணையாக அதில் மடித்துச் சேருங்கள். கலக்கினால் நுரை உடையும், மேலும் கீழுமாக மடிக்க வேண்டும். நுரை கல்லாகும்வரை அடித்துவிட்டாலும் சேராது, வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

28 செ.மீ. வாணலியில் பாதி வெண்ணெயை உருக்கி மாவு முழுவதையும் ஊற்றி, திராட்சையைத் தூவி, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம். அடி பொன்னிறமானதும் நான்கு கூறாக வெட்டி ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள்; இன்னும் மூன்று நிமிடம். பிறகு இரண்டு மரக்கரண்டிகளால் கைப்பிடித் துண்டுகளாகப் பிய்த்து, மீதி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டுத் தீயைக் கூட்டி ஓரங்கள் பழுக்கும் வரை புரட்டுங்கள். கத்தியால் சதுரமாக வெட்டினால் அந்தப் பிசிறான ஓரங்கள் கிடைக்காது, சர்க்கரை பிடிப்பது அவற்றில்தான். மேலே பொடித்த சர்க்கரை, பக்கத்தில் பட்டையும் கிராம்பும் போட்டு வேகவைத்த பிளம்ஸ். ஆல்ப்ஸ் மலைக்குடில்களில் இரும்பு வாணலியோடே மேசைக்கு வரும்.

பொஃபர்ட்யெஸ்

நெதர்லாந்தின் திருவிழாத் திடல்களிலும் சந்தைகளிலும் வெண்ணெய் மணம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால் பொஃபர்ட்யெஸ் கடையாக இருக்கும். வார்ப்பிரும்பிலோ செம்பிலோ வரிசை வரிசையாக ஆழமில்லாத குழிகள் கொண்ட தட்டு, ஒவ்வொரு குழியிலும் ஓர் உருண்ட பான்கேக். இதில் ஈஸ்ட் உண்டு. நம் குழிப்பணியாரச் சட்டி இந்த வேலைக்கு ஏற்றது, குழி மட்டும் ஆழம் அதிகம். பாதிக்கும் குறைவாக ஊற்றினால் சரியாகிவிடும். பணியாரம்போல் உருண்டையாக வரக் கூடாது, தட்டையாக, உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும்.

மைதா 125 கிராம், பக்வீட் 125 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான பால் 400 மில்லி, முட்டை 1. முட்டையை விட்டுவிட்டு 50 மில்லி பால் கூட்டினாலும் கெடாது. நுரையை ஈஸ்ட் தருகிறது, குழி வடிவத்தைத் தாங்குகிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு மேலே சொன்ன பண்டம் இதுதான். பால் விரலுக்கு இதமான சூடு மட்டும் இருக்கட்டும், கொதிக்கும் பாலில் ஈஸ்ட் செத்துப்போகும். கலந்து மூடி ஒரு மணி நேரம், வெயில் காலத்தில் 40 நிமிடம். மேலே நுரைக்குமிழிகள் வந்ததும் கலக்காமல், அழுத்தி ஊற்றும் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்டியால் ஊற்றினால் கடைசிக் குழி நிரம்புவதற்குள் முதல் குழி கருகியிருக்கும்.

குழிகளில் உருக்கிய வெண்ணெய் தடவி, மிதமான தீயில் ஊற்றுங்கள். ஓரம் கட்டி, நடு இன்னும் ஈரமாக இருக்கும்போதே முள்கரண்டியாலோ கம்பியாலோ திருப்ப வேண்டும். அந்த ஈர மாவு கீழே இறங்கி மறுபக்கத்தை மூடும், உள்ளே மென்மை தங்கும். முழுக்க வெந்தபின் திருப்பினால் உலர்ந்த பொத்தான்கள்தான் கிடைக்கும். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய், தாராளமாகப் பொடித்த சர்க்கரை. ஆறவிடாமல் சாப்பிட வேண்டியது. மூச்சை உள்ளிழுத்தபடி வாயருகே கொண்டுபோகாதீர்கள், சர்க்கரைத் தூள் தொண்டையில் போகும்.

அங்கே போய்ச் சாப்பிடுவதானால்

நெதர்லாந்தில் பன்னெகூக் வீடு என்றே தனி உணவகங்கள் உண்டு. காட்டோரங்களில், சைக்கிள் பாதைகளின் அருகில், குழந்தைகள் விளையாடத் திடலோடு. மெனுவில் டஜன் கணக்கில் வகைகள் இருக்கும். பயந்துவிடாதீர்கள்: ஸ்பெக் என்றால் பன்றி, காஸ் என்றால் சீஸ், அப்பெல் ஆப்பிள், ரோசைனென் திராட்சை. எல்லாவற்றையும் கலந்து கேட்கலாம். பன்றி சாப்பிடாதவர்கள், வாணலி தனியா என்று கேட்டுக்கொள்வது நல்லது, பல இடங்களில் ஒரே வாணலிதான். ஒன்று வயிற்றை நிரப்பிவிடும். உப்பும் இனிப்பும் இரண்டும் வேண்டுமென்றால் இருவராகப் போய்ப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டர்டாமில் யூரோமாஸ்ட் கோபுரத்தடியிலிருந்து பான்கேக் படகு ஒன்று கிளம்புகிறது. ஆற்றில் போகிற நேரம் முழுக்க வேண்டுமளவு சாப்பிடலாம். ஆம்ஸ்டர்டாமிலும் இப்படிப் படகு உண்டு. மார்ச் மாத இறுதியில் பள்ளிக் குழந்தைகள் முதியவர்களுக்குப் பான்கேக் சுட்டுக் கொடுக்கும் நாள் ஒன்று வருகிறது. நவம்பர் 29 இன்னும் வேடிக்கை. 1980களில் ஒரு சித்திரக்கதைக்காகப் புனையப்பட்ட ‘புனித பன்னெகூக்’ திருநாளை மக்கள் நிஜமாகவே பிடித்துக்கொண்டார்கள். தலையில் ஒரு பான்கேக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆறிய பான்கேக்காகப் பார்த்து எடுங்கள்.

ஜெர்மனியில் ஒரு எச்சரிக்கை. பெர்லினில் போய் ஃபன்கூகன் என்று கேட்டால் ஜாம் வைத்துப் பொரித்த டோனட்தான் வரும். அங்கே வாணலியில் சுட்டதற்கு ஐயர்கூகன் என்று கேட்க வேண்டும்.

ஓவனில் இரும்பு வாணலியோடு வைத்து உப்பவிடும் ‘டச்சு பேபி’யை ஆம்ஸ்டர்டாமின் பாரம்பரியப் பண்டம் என்று தேடி அலையாதீர்கள், அது அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகம் ஒன்றில் பெயரெடுத்தது. சுவை மோசமில்லை. முட்டை 3, மாவு 65 கிராம், பால் 120 மில்லி. 220 டிகிரியில் காய்ந்த 25 செ.மீ. வாணலியில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, மாவை ஊற்றி, கதவைத் திறக்காமல் 18 நிமிடம். நீராவியில் மலைபோல் எழும்பி, வெளியே எடுத்த ஒரு நிமிடத்தில் அமுங்கும். அமுங்குவது கோளாறு அல்ல.

கரைத்த மாவு மிஞ்சினால், மினரல் வாட்டர் சேர்க்காததாக இருந்தால், மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். சுட்ட பான்கேக் இரண்டு நாள் தாங்கும். நடுவில் வெண்ணெய்க் காகிதம் வைத்து அடுக்கி உறையவைத்தால் ஒரு மாதம். சூடுபடுத்த மைக்ரோவேவ் வேண்டாம், தோலாகிவிடும். உலர்ந்த வாணலியில் பக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.